விளையாட்டு இனி எதில் இருக்கும்? கேசட், டிஸ்க், டவுன்லோட் பற்றிச் சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் ஐந்து ரோட்டுக்கு அருகில் பழைய வீடியோ கேம் பெட்டிகளை வாங்கிப் பழுது நீக்கி விற்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். அதற்கு முன்பு அம்மாபேட்டையில், தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில், மணிக்கு 10 ரூபாய் வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் 2 ஆடக் கொடுத்த கடையில் வேலை பார்த்தேன். பிள்ளைகளுக்கு வாங்கித் தர வரும் பெற்றோரும், கல்லூரி மாணவர்களும், ஏற்காட்டிலிருந்து பெட்டியோடு இறங்கி வருபவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு நின்ற நிலையில் முழுமையாகப் பதில் சொல்ல முடிவதில்லை என்பதால், பொறுமையாக எழுதி வைக்கிறேன்.

எந்த வடிவமானாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: யாரிடமும் அனுமதி கேட்காமல் இந்த விளையாட்டு ஓடுமா? கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளன.

இனிமேல் டிஸ்க் வராது என்கிறார்களே, உண்மையா?

இப்போதைக்கு வருகிறது, ஆனால் அதற்கான இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 வெளியானபோதே டிஸ்க் போடும் வசதி இல்லாத மாடல் ஒன்றும் உடன் வந்தது. அதே மாதம் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் பெட்டியில் டிஸ்க் டிரைவே கிடையாது. 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோ பெட்டி, அந்த வரிசையிலேயே விலை கூடியதாக இருந்தும், டிஸ்க் டிரைவ் இல்லாமல்தான் வந்தது. வேண்டுமானால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். அப்படித் தனியாக வாங்கும் டிரைவை முதல் முறை பெட்டியோடு இணைக்கும்போது இணையத் தொடர்பு தேவைப்படுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. கணினியில் இந்த மாற்றம் எப்போதோ முடிந்துவிட்டது. கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்க 2003-இல் தொடங்கிய ஸ்டீம் கடை, அடுத்த ஆண்டு ஹாஃப்-லைஃப் 2 வெளியானபோது, கடையில் டிஸ்க் வாங்கியவரையும் தன்னிடம் கணக்குத் தொடங்க வைத்தது. இன்று விற்கும் கணினிகளில் டிஸ்க் டிரைவைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

டிஸ்க் கையில் இருந்தால் விளையாட்டு என்னுடையதுதானே?

பிளேஸ்டேஷன் 2 காலம் வரை இதற்கு ஆம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். டிவிடியை உள்ளே தள்ளினால் விளையாட்டு ஓடியது. அதில் இருந்ததுதான் முழு விளையாட்டு, 8.5 ஜி.பி. வரை ஒரு டிவிடி தாங்கும்.

இன்று பெட்டிக்குள் இருக்கும் டிஸ்கில் என்ன இருக்கிறது என்பதை விளையாட்டுக்கு விளையாட்டு தனியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. சிலவற்றில் முழு விளையாட்டும் இருக்கும். சிலவற்றில் பாதிதான் இருக்கும், மீதியை டவுன்லோட் செய்ய வேண்டும். 2022-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 விளையாட்டின் பிளேஸ்டேஷன் 5 டிஸ்கில் சுமார் 70 எம்.பி. அளவே இருந்தது. நூறு ஜி.பி. வரை கொள்ளும் ப்ளூ-ரே டிஸ்க், அங்கே வெறும் சாவியாக மட்டும் பயன்பட்டது.

நிண்டெண்டோ நிறுவனம் 2025 ஜூன் 5 அன்று வெளியிட்ட ஸ்விட்ச் 2 பெட்டியில் இந்தச் சாவி முறைக்கு வெளிப்படையாகவே பெயர் வைத்துவிட்டது. ‘கேம்-கீ கார்டு’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் அந்தக் கார்டுக்குள் விளையாட்டு கிடையாது. கார்டைச் செருகி, முழு விளையாட்டையும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் ஆடும்போதெல்லாம் கார்டு உள்ளேயே இருக்க வேண்டும். இதை நண்பருக்கு இரவல் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம் என்பது உண்மை. ஆனால் அந்த நிறுவனத்தின் சர்வர் இயங்கும் வரைதான் அந்தக் கார்டுக்கு மதிப்பு. அதே பெட்டிக்குச் சைபர்பங்க் 2077 விளையாட்டு 64 ஜி.பி. கார்டில் முழுமையாகவே வந்தது. அதனால் இது செய்ய முடியாத காரியம் அல்ல. செலவு செய்ய மனம் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

டிஸ்க் இருந்தும் பயனற்றுப் போன விளையாட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். யுபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டன. தனியாக ஆடுவதற்கும் சர்வர் தேவை என்ற வகையில் அது கட்டப்பட்டிருந்ததால், காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்குகள் அன்றோடு வெறும் வட்டத் தகடுகளாயின. ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கம் அந்த ஆண்டு அதிலிருந்துதான் கிளம்பியது. விற்ற விளையாட்டை, ஆதரவை நிறுத்தும்போது ஆடத்தக்க நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்ற அதன் கோரிக்கைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் தேவைப்பட்ட 10 லட்சம் கையெழுத்துகள் 2025 ஜூலையில் சேர்ந்துவிட்டன. அந்தக் கோரிக்கை முழுவதும் நியாயமானது என்பது என் உறுதியான கருத்து.

டவுன்லோட் செய்து வாங்கினால் நான் வாங்குவது என்ன?

உரிமம். கடைக்காரர் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கூடிய, உங்கள் கணக்கோடு மட்டும் ஒட்டியிருக்கும் உரிமம். கலிபோர்னியா மாநிலம் 2024-இல் இயற்றி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம், ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தும் இணையக் கடைகள் தாங்கள் விற்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் எனக் கட்டாயமாக்கியது. ஸ்டீம் தன் பணம் செலுத்தும் பக்கத்தில் அந்த அறிவிப்பைச் சேர்த்துவிட்டது. சொல்லிவிட்டார்கள் என்பது நல்லதுதான்; சொல்லிவிட்டதால் நிலைமை மாறிவிடவில்லை.

என் அக்கா மகன் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் நான்கு ஆண்டுகள் வாங்கிய விளையாட்டுகள், ஒரு நாள் காலையில் கணக்கு முடக்கப்பட்டதும் கைவிட்டுப் போயின. யாரோ கடவுச்சொல்லைத் திருடித் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கணக்கை மீட்க அவன் எத்தனையோ முறை எழுதியும், வந்த பதில்கள் எல்லாம் ஒரே வாசகமாக இருந்தன. அதே அலமாரியில் அவன் வைத்திருந்த மூன்று பழைய டிஸ்க்குகள் மட்டும் அன்று மாலையும் ஓடின.

இணையக் கடையே மூடிவிட்டால்?

மூடியிருக்கிறார்கள். நிண்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ பெட்டிகளுக்கான கடை 2023 மார்ச் 27 அன்று விற்பனையை நிறுத்தியது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29 அன்று நின்றது. முன்பே வாங்கியவர்கள் மீண்டும் இறக்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள் என்றாலும், புதிதாக ஒருவரால் வாங்க இயலாது. டவுன்லோடாக மட்டுமே வெளிவந்த விளையாட்டுகளுக்கு அதோடு கதவு சாத்தப்பட்டது. சோனி 2021-இல் பிளேஸ்டேஷன் 3, வீட்டா கடைகளை மூடப்போவதாக அறிவித்து, ஆடுபவர்கள் எதிர்த்ததால் ஒரு மாதத்துக்குள் முடிவை மாற்றிக்கொண்டது. எதிர்த்துப் பேசினால் பலன் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று முறையாக விலைக்குக் கிடைப்பதில்லை.

நிறுவனங்கள் ஏன் டிஸ்கை விட்டு விலகுகின்றன?

அச்சிடும் செலவு, பெட்டிச் செலவு, வண்டிச் செலவு, கடைக்காரர் பங்கு எல்லாம் மிச்சமாகின்றன. அதைவிடப் பெரிய காரணம் செகண்ட் ஹேண்ட் வியாபாரம். ஒரு டிஸ்க் நான்கு கை மாறினால் நிறுவனத்துக்கு முதல் கையிலிருந்து மட்டுமே பணம் வருகிறது. டிரைவ் இல்லாத பெட்டியை வாங்கியவருக்கு அந்த ஒரே இணையக் கடையைத் தவிர வேறு சந்தை இல்லை. அங்கே அவர்கள் வைத்ததுதான் விலை.

சேலம் போன்ற ஊரில் இதன் விளைவு வேறு மாதிரி. புது விளையாட்டு ஒன்று 4,000, 5,000 ரூபாய் என்று விற்கும்போது, ஒரு வீட்டில் ஒன்று வாங்கி, ஆடி முடித்து, பாதி விலைக்குக் கொடுத்து, மேலே கொஞ்சம் போட்டு அடுத்ததை எடுப்பதுதான் இங்குள்ள பிள்ளைகளின் வழக்கம். சூரமங்கலத்துப் பையன் ஆடிய டிஸ்க் ஆறு மாதத்தில் ஆத்தூர் போயிருக்கும். எனக்கும் அதில் பிழைப்பு இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் இல்லாமல் இருந்திருந்தால் என் தலைமுறையில் பாதிப் பேர் ஒரு நல்ல விளையாட்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

முப்பது வருடத்துக் கேசட் இன்னும் ஓடுகிறது. இப்போதைய கார்டுகளும் அப்படி இருக்குமா?

நம் ஊரில் கேசட் என்று சொல்லும் பழைய கார்ட்ரிட்ஜுகளில் பெரும்பாலும் ‘மாஸ்க் ரோம்’ (ROM) என்ற வகைச் சில்லு இருந்தது. அதில் தகவல் தொழிற்சாலையிலேயே சில்லின் கட்டமைப்பாகப் பதிக்கப்பட்டுவிடுவதால், அழிவதற்கு எதுவும் இல்லை என்றே சொல்லலாம். கெடுவது வெளியே தெரியும் செம்புத் தொடுமுனைகள்தான். அவற்றைப் பலர் வாயால் ஊதி ஊதியே கெடுத்துவிட்டார்கள். எச்சிலின் ஈரம் உலோகத்தில் அரிப்பை உண்டாக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும்.

அதிகமாகக் கைவிடுவது உள்ளே இருக்கும் பேட்டரி. ஆடிய இடத்தைச் சேமித்து வைக்கும் கேசட்டுகளில், நாணய அளவிலான ஒரு லித்தியம் பேட்டரி தகடோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அது தீர்ந்தால் விளையாட்டு ஓடும், ஆனால் சேமித்தது நிற்காது. 1999-இல் ஜப்பானில் வெளிவந்த போகிமான் கோல்டு, சில்வர் கேசட்டுகளில் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடியதால் அவை சீக்கிரமே தீர்ந்துவிடுகின்றன. சென்ற ஆண்டு ஒரு தாய், மகன் வெளிநாடு போகும் முன் ஆடிய கேசட் என்று சொல்லி, கைக்குட்டையில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தது. பற்றவைப்பை எடுத்த நொடியில் சேமித்தவை எல்லாம் போய்விடும் என்பதால், முதலில் உரிய கருவியைக் கொண்டு அந்தச் சேமிப்பைக் கணினியில் படியெடுத்து, பேட்டரியை மாற்றி, பிறகு திரும்ப ஏற்றினேன். திரையில் அந்தப் பையன் வைத்த பெயர் வந்ததும் அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இப்போதைய கார்டுகள் எடை குறைந்தவை, கொள்ளளவு கூடியவை. மின்னூட்டத்தைத் தேக்கித் தகவலைக் காக்கும் ஃபிளாஷ் வகை நினைவகம் எதுவானாலும், பத்தாண்டுக் கணக்கில் சும்மா கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும் தன்மை உடையது. ஆகவே பழைய கேசட்டைப் போல இதையும் பரணில் போட்டு மறந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஸ்விட்ச் கார்டு கசக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே கசப்புப் பொருள் பூசியிருக்கிறார்கள்.

ஏற்காட்டில் வைத்திருந்த டிஸ்க்குகளில் புள்ளி புள்ளியாக வந்துவிட்டது. என்ன காரணம்?

ஈரம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலத்தில் மேகம் சன்னல் வழியே வீட்டுக்குள் வந்து போகும் ஊரில், மூடிய மர அலமாரி பூஞ்சைக்கு நல்ல இடம். காப்பித் தோட்டத்து வீட்டிலிருந்து ஒருவர் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தபோது, டிஸ்கை விடக் காகித உறையில்தான் முதலில் வாசனை அடித்தது. உறையில் பிடித்த பூஞ்சை டிஸ்கின் விளிம்பு வழியாக நூல் போலப் படர்ந்திருந்தது. மேற்பரப்பில் மட்டும் இருந்தவை மிதமான சோப்பு நீரில், நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்ததும் சரியாயின. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது ஊசித் துளையாக ஒளி தெரிந்தவற்றை மீட்க முடியவில்லை.

அந்த ஊசித் துளை என்ன என்பதைச் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு விளக்குவது எளிதாக இருந்தது. காற்றில் உள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுப்பது போல, டிஸ்குக்குள் இருக்கும் மெல்லிய உலோகப் படலமும் காற்றும் ஈரமும் பட்டால் மங்கும். கொலுசுக்கு மெருகு போடலாம். டிஸ்கின் படலம் உள்ளே இருப்பதால் அதைத் தொட வழியில்லை. 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் ஓர் ஆலையில் தயாரான இசை சிடிகள் பழுப்பு நிறமாகிக் கெட்டதற்கு, உறைக் காகிதத்தில் இருந்த கந்தகம் மேற்பூச்சைத் தாண்டி உள்ளே போனதே காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள்.

படலம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் எப்படிப் பாதுகாப்பது என்பதும் தெரியும். சிடியில் அது படம் அச்சிட்ட பக்கத்துக்கு அடியிலேயே இருக்கிறது; ஆகவே படப் பக்கத்தில் விழும் கீறல்தான் ஆபத்து, அங்கே பேனாவால் பெயர் எழுதாதீர்கள். டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டுக்கு நடுவில் இருக்கிறது. ப்ளூ-ரேயில் படிக்கும் பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. அதன் மேல் கடினமான பூச்சு இருப்பதால் சாதாரணமாகக் கீறாது, கீறிவிட்டால் மெருகு போட்டுச் சரிசெய்ய இடம் கிடையாது. ஏற்காட்டில் இருப்பவர்கள் மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். சேலத்தில் இருப்பவர்கள் சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஹார்டு டிஸ்கில், எஸ்.எஸ்.டி.யில் ஏற்றி வைத்துவிட்டால் நிம்மதிதானே?

ஒன்றில் மட்டும் வைத்தால் நிம்மதி இல்லை. எஸ்.எஸ்.டி.யும் மேலே சொன்ன ஃபிளாஷ் வகை நினைவகம்தான். அதற்குச் சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு வகுத்த தரம், எழுதும் ஆயுளை முழுவதும் தீர்த்துவிட்ட ஒரு வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறது. புதியது இதைவிடப் பல மடங்கு தாங்கும் என்றாலும், வெப்பம் கூடக் கூட அந்தக் காலம் குறையும். நம் ஊர்க் கோடையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேறு வகைச் சாதனங்களில் இரண்டு படிகள் வைத்து, ஆண்டுக்கு ஒரு முறையாவது செருகிப் பாருங்கள்.

நூறு ஜி.பி. டவுன்லோட் இங்கே நடைமுறைக்கு ஒத்து வருமா?

வீட்டில் 50 எம்.பி.பி.எஸ். ஃபைபர் இருந்தால், வேகம் குறையாமல் வந்தால், நான்கரை மணி நேரம். நாளுக்கு 2 ஜி.பி. தரும் மொபைல் திட்டத்தை மட்டும் நம்பினால் 50 நாள்.

வருங்காலத்தில் எல்லாமே கிளவுடில் ஓடும் என்கிறார்களே?

கிளவுட் என்றால் விளையாட்டு நிறுவனத்தின் கணினியில் ஓடும், நம் திரைக்கு இணையம் வழியே படம் மட்டும் வரும். கூகுள் அப்படிப் பெரும் முதலீட்டோடு தொடங்கிய ஸ்டேடியா 2023 ஜனவரி 18 அன்று மூடப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அங்கே மட்டுமே கிடைத்த விளையாட்டுகள் சில அதோடு மறைந்துவிட்டன. என் முதல் கேள்விக்கு மிகத் தொலைவில் நிற்கும் வடிவம் இது.

வாங்கிய விளையாட்டை நானே படியெடுத்து வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறதா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆவது பிரிவு, கணினி நிரலை முறைப்படி வைத்திருப்பவர் அது தொலையாமல், கெடாமல் இருக்கப் பாதுகாப்புப் படி எடுத்துக்கொள்வதை மீறலாகக் கருதவில்லை. ஆனால் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு, படியெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. ஆகவே சொந்தக் கேசட்டை வீட்டுக்குள் படியெடுப்பதையும், அதை ஊருக்கெல்லாம் பகிர்வதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. பகிரும் வேலையை என் கடையில் செய்வதில்லை.

நூலகங்கள் இவற்றைச் சேமிக்காதா?

ஜப்பானின் தேசிய நூலகம் 2000 முதல் வீடியோ கேம்களையும் பெற்றுச் சேமிக்கிறது. நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளியாகும் நூல்களின் படி சென்னை கன்னிமரா நூலகத்துக்கும் போகிறது. விளையாட்டுகளுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. இந்தியாவில் உருவாகும் விளையாட்டுகள் பலவும் டவுன்லோடாகவே பிறக்கின்றன. அவற்றுக்கு அந்த ஏற்பாடு வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

அப்படியானால் இப்போது எதை வாங்குவது?

பெட்டி வாங்குவதானால், விலை கொஞ்சம் கூடினாலும் டிஸ்க் டிரைவ் உள்ளதை வாங்குங்கள். தனியாக ஆடும் கதை விளையாட்டுகளை, முழுவதும் உள்ளே இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு டிஸ்கிலோ கார்டிலோ வாங்குங்கள்; அட்டையின் அடிப்பகுதியில் சிறிய எழுத்தில் ‘டவுன்லோட் தேவை’ என்று இருக்கிறதா என்று கடையிலேயே படியுங்கள். எப்போதும் இணையத்தில் பலரோடு ஆடும் விளையாட்டுக்கு டிஸ்க் தேடி அலைய வேண்டாம். சர்வர் நின்றால் இரண்டும் ஒன்றே. கணினியில் ஆடுபவர்கள், பூட்டில்லாத நிறுவல் கோப்பை அப்படியே இறக்கி வைத்துக்கொள்ள விடும் ஜி.ஓ.ஜி. போன்ற கடைகளை முதலில் பாருங்கள். டவுன்லோடாக இருந்தும் யாரையும் கேட்காமல் ஓடுவது அந்த வகைதான். முழு விளையாட்டும் அடங்கிய டிஸ்குக்கு இணையாக நான் அதை மதிக்கிறேன்.

வீட்டில் பழைய கேசட்டுகள் கிடக்கின்றன. தூக்கிப் போடலாமா?

வேண்டாம். பழைய பேப்பர்காரரிடம் எடைக்கும் போடாதீர்கள். ஓடாது என்று நினைத்துக் கொண்டுவந்தவற்றில் பெரும்பாலானவை தொடுமுனையைத் துடைத்ததும் ஓடியிருக்கின்றன. முதலில் உள்ளே இருக்கும் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் மின்சாரம் கொடுக்காமல், அப்படியே ஒரு காகித உறையில் போட்டு எடுத்து வாருங்கள்.